ஸ்பாட்: உங்க கட்டை விரலையே காணாம அடிக்கிற இங்கிலீஷ் வார்த்தை!

வணக்கம் மக்களே! இந்த வீடியோ முடியறதுக்குள்ள உங்க கட்டை விரல் நுனி உங்க கண்ணு முன்னாடியே காணாம போகும். கிராஃபிக்ஸ் கிடையாது. அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை: ஸ்பாட்.

[திரையில்: வெள்ளைச் சட்டையில் ஒரு சாம்பார்த் துளி]

பழைய அர்த்தம் கறை, புள்ளி. இடம்ங்கிறது பின்னால வந்து ஒட்டிக்கிட்டது. வரலாறு அவ்ளோதான், விடுங்க. இந்தத் துளியை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. பிளேஸ்னா ஒரு ஊரே இருக்கலாம். ஸ்பாட்னா "இதோ, இங்க"ன்னு விரல் வெச்சுக் காட்டணும். கார் நிறுத்த பார்க்கிங் ஸ்பாட். ஃபுட்பால்ல பெனால்ட்டி ஸ்பாட், கோல் கோட்டுல இருந்து 11 மீட்டர்ல ஒரு புள்ளி.

"அப்போ வியாழன் கிரகத்துல இருக்கிற கிரேட் ரெட் ஸ்பாட்?"னு மடக்குவீங்க. பூமியை விடப் பெரிய புயல்தான் அது. ஆனா டெலஸ்கோப் வழியா பாக்குறவங்களுக்கு செவப்பா ஒரு பொட்டு!

ஆன் தி ஸ்பாட்னு சொன்னா அங்கேயே, அப்பவே. இடம் நைசா நேரமா மாறிடுச்சு பாருங்க. நாம "ஆன் தி"யையும் கழட்டி விட்டுட்டோம்: ஸ்பாட் ஃபைன், ஸ்பாட் அட்மிஷன், "ஆளு ஸ்பாட்லயே அவுட்". டாலர் சந்தையில ஸ்பாட் ரேட்னா உடனடி ரேட். அந்த "உடனடி"க்கு பொதுவா ரெண்டு வேலை நாள் ஆகும். பேங்க்காரங்க கடிகாரமே தனி!

சரி, விரலுக்கு வருவோம். பிளைண்ட் ஸ்பாட். போனை எங்கயாவது சாய்ச்சு வெச்சுட்டு ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க. கட்டை விரல் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல, மேல பாத்து நிக்கணும். இடது கண்ணை மூடுங்க. வலது கண்ணால இடது கட்டை விரலை மட்டும் பாருங்க. இப்போ வலது கையை மெதுவா வலது பக்கம் நகர்த்துங்க. பார்வை அது பின்னாடி ஓடக் கூடாது! ஒரு சாண் தூரம் போறதுக்குள்ள... நுனி போச்சா? போகலேன்னா கொஞ்சம் மேல கீழ ஆட்டிப் பாருங்க.

கண்ணுல இருந்து மூளைக்குப் போற நரம்பு, விழித்திரையைத் துளைச்சுக்கிட்டு வெளியேறுது. அந்த இடத்துல ஒளியை உணர்ற செல் ஒண்ணு கூட இல்ல. பிறந்ததுல இருந்து அந்த ஓட்டையோடதான் பாக்குறோம். பக்கத்துல என்ன இருக்கோ அதை வெச்சு மூளை ஒட்டுப் போட்டுடுது, அதனால நமக்குத் தெரியறதே இல்ல. 1660கள்ல பிரான்ஸ்காரர் எட்மே மரியோட் கண்டுபிடிச்சது இது. இன்னொண்ணு கேளுங்க, ஆக்டோபஸுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது! அதுக்கு நரம்பெல்லாம் விழித்திரைக்குப் பின்பக்கமா போகுது, துளை போட வேண்டிய அவசியமே இல்ல. எட்டுக் கையும் கொடுத்து, நம்மளை விட ஒழுங்கான வயரிங்கும் கொடுத்திருக்கு இயற்கை. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

பைக் வந்தாக்கூட கண்ணாடியில தெரியாத இடத்தையும் டிரைவருங்க பிளைண்ட் ஸ்பாட்னுதான் சொல்வாங்க. லேன் மாத்துறப்போ கழுத்தைத் திருப்பிப் பாருங்க சாமி.

கடைசியா ஒரு கேள்வி. டைட் ஸ்பாட், சாஃப்ட் ஸ்பாட். இதுல எது இக்கட்டு, எது பாசம்? டிக்‌ஷனரி பாக்காம, ஸ்பாட்லயே கமெண்ட்ல போடுங்க!