1 டிபி டிஸ்கில் மீதி 69 ஜிபி எங்கே போச்சு?

வணக்கம் மக்களே. என் கையில் இருப்பது ஒரு டிபி ஹார்ட் டிஸ்க். என் சித்தி மகன் நேற்றுதான் வாங்கினான். வாங்கிய அரை மணி நேரத்தில் போன் போட்டு, "அண்ணா, கடைக்காரன் ஏமாத்திட்டான், 931 ஜிபிதான் காட்டுது" என்று ஒரே புலம்பல். பில்லைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பியே விட்டான். "இருடா, முதல்ல இங்க கொண்டு வா" என்று நான்தான் நிறுத்தினேன்.

இப்போது ஸ்கிரீனைப் பாருங்கள். டிரைவ் மேல் ரைட் கிளிக், பிராப்பர்டீஸ். கெப்பாசிட்டி என்ற வரியில் இரண்டு எண்கள். எல்லோரும் பார்ப்பது வலப்பக்கம் இருக்கும் 931 ஜிபி. இடப்பக்கம் பைட் கணக்கில் நீளமாக ஒன்று இருக்கிறதே, அதை யாரும் படிப்பதில்லை. எண்ணிப் பாருங்கள், 13 இலக்கம். ஒரு லட்சம் கோடியும் கொஞ்சமும். பெட்டியில் போட்டிருக்கும் ஒரு டிபி என்பதும் அதே லட்சம் கோடி பைட்தான். பொருள் முழுசாகத்தான் வந்திருக்கிறது.

சரி, 931 எப்படி வந்தது? கால்குலேட்டரை எடுக்கிறேன். 1 போட்டு 12 சைபர். 1024-ஆல் வகுத்தால் 97,65,62,500 கேபி. திரும்ப 1024-ஆல் வகுத்தால் 9,53,674 எம்பி, சொச்சம். இன்னொரு தடவை... 931.32. வந்துவிட்டதா?

பூக்காரம்மா முழம் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே சரத்தைக் குட்டைக் கை அளந்தால் பத்து முழம், நெட்டைக் கை அளந்தால் ஒன்பதும் கொஞ்சமும். டிஸ்க் செய்பவர்கள் 1000, 1000-ஆக ஏறுகிறார்கள். விண்டோஸ் 1024, 1024-ஆக ஏறுகிறது. இந்த 1024 எங்கிருந்து வந்தது? மெமரி சிப்பில் எந்த இடம் என்று சுட்டிக்காட்டும் முகவரிக் கம்பி ஒன்று கூடினால் இடம் இரட்டிப்பாகும். பத்துக் கம்பி என்றால் 1024 இடம். ஆயிரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று அதையும் 'கிலோ' என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். கேபியில் வித்தியாசம் 2.4 சதவீதம்தான், யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் ஒவ்வொரு படியிலும் அது பெருகி, டிபிக்கு வரும்போது கிட்டத்தட்ட 10 சதவீதம் ஆகிவிடுகிறது.

இதைத் தீர்க்கத்தான் 1998-இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1024 கணக்குக்கென்று கிபி (kibi), மெபி (mebi), கிபி (gibi) என்று தனிப் பெயர் வைத்தது. கிலோவுக்கும் கிபி, கிகாவுக்கும் கிபி, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், என்னத்தைச் சொல்ல! என் கோபம் விண்டோஸ் மேல்தான். 1024-ஆல் எண்ணிவிட்டு, பக்கத்தில் பழைய ஜிபி என்றே எழுதுகிறது. ஆப்பிளின் மேக் 2009-லேயே 1000 கணக்குக்கு மாறிவிட்டது. இதே டிஸ்கை அதில் செருகினால் ஒரு டிபி என்றே காட்டும். பழைய 1.44 எம்பி ஃபிளாப்பி இன்னும் கூத்து. அதில் எம்பி என்பது 1000 தடவை 1024!

எனக்கே ஒருமுறை அடி விழுந்திருக்கிறது. அக்கா கல்யாண வீடியோ, விண்டோஸில் 4.5 ஜிபி காட்டியது. டிவிடி மேல் 4.7 என்று போட்டிருந்தது. தாராளமாக அடங்கும் என்று வாங்கி வந்தேன். அடங்கவில்லை. டிவிடியின் 4.7, விண்டோஸ் கணக்கில் 4.38தான். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்து பந்தி காட்சியை வெட்டினேன். அதுக்கு அக்கா இன்றுவரை பேசுகிறாள்.

நெட் வேகம் வேறு கதை, அதில் பைட்டே இல்லை, பிட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். 100 எம்பிபிஎஸ் பிளான் என்றால் 8-ஆல் வகுங்கள், நொடிக்கு 12.5 எம்பி. டவுன்லோடு 11, 12 என்று ஓடினால் லைன் நன்றாகத்தான் இருக்கிறது.

பெட்டியில் இருக்கும் ஜிபியை 0.93-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், டிபி கணக்கிலேயே பார்த்தால் 0.91. விண்டோஸ் காட்டப்போவது அவ்வளவுதான். தம்பி அடுத்து 64 ஜிபி பென் டிரைவ் வாங்கப் போகிறானாம். ஐம்பத்தொன்பது சொச்சம்தான் காட்டும், கடையில் மானத்தை வாங்காதே என்று இப்போதே சொல்லி அனுப்பியிருக்கிறேன்.