வேர் உன்னைச் சுமக்கிறது

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அன்புச் சகோதர சகோதரிகளே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

யூதரல்லாத புறஜாதியார் தேவனுடைய ஜனமானது இஸ்ரவேல் என்னும் பழைய வேரில் ஒட்டப்பட்டதாலா, புதிய மரம் ஒன்று நடப்பட்டதாலா என்பது இன்றைய கேள்வி. பழைய வேரில் ஒட்டப்பட்டதால்தான் என்று வாதாட நான் வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி மூன்று காரியங்களைச் சொன்னார். இஸ்ரவேலைத் தேவன் தெரிந்துகொண்டது பிறப்பினால், நம்மைச் சேர்த்துக்கொண்டது விசுவாசத்தினால், ஆகவே இரண்டும் வேறு வேறு என்றார். யூதருக்கும் புறஜாதியாருக்கும் நடுவே நின்ற பிரிவினைச் சுவர் இடிந்தபோதே பழைய வீட்டின் காலம் முடிந்தது என்றார். செசரியாவில் கொர்நேலியு என்னும் ரோமப் படைத்தலைவரின் வீட்டில்தான் நம் கதை தொடங்குகிறது என்றார்.

பிறப்பினாலா? ஆபிரகாம் யாருக்குப் பிறந்ததனால் தெரிந்துகொள்ளப்பட்டார், நடுவர் அவர்களே? அவருடைய தகப்பன் தேராகு வேறே தேவர்களைச் சேவித்தவர் என்று யோசுவாவின் புத்தகம் 24-ம் அதிகாரம் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. இஸ்ரவேல் என்ற பெயரே பிறக்காத காலம் அது. அந்த மனிதரைப் புறப்படச் சொன்னபோதே, பூமியின் வம்சங்கள் எல்லாம் உனக்குள் ஆசீர்வதிக்கப்படும் என்று தேவன் சொல்லிவிட்டார். ஒருவரைத் தெரிந்துகொண்ட அதே வாக்கியத்தில் எல்லா ஜாதிகளும் இருக்கின்றன. நாம் பின்னால் வந்து சேர்க்கப்பட்ட அடிக்குறிப்பு அல்ல.

இதை அப்போஸ்தலராகிய பவுல் ஒரு கணக்காகவே போட்டுக் காட்டுகிறார். ஆபிரகாம் விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்பது ஆதியாகமம் 15-ம் அதிகாரம். இஸ்மவேல் பிறப்பது அடுத்த அதிகாரத்தில், அப்போது ஆபிரகாமுக்கு வயது 86. விருத்தசேதனம் 17-ம் அதிகாரத்தில் வருகிறது, அப்போது வயது 99. குறைந்தது 13 ஆண்டுகள் இடைவெளி! அந்த ஆண்டுகள் முழுவதும் ஆபிரகாம் யார்? விருத்தசேதனம் இல்லாத, ஆனால் நீதிமான் என்று எண்ணப்பட்ட மனிதர். நம்மைப் போன்ற ஒருவர். மோசேயின் நியாயப்பிரமாணமோ அந்த வாக்குத்தத்தத்துக்கு 430 வருஷத்துக்குப் பின்பு வந்தது என்கிறார் பவுல், கலாத்தியருக்கு எழுதும்போது. விசுவாசம் புதிய மரத்தின் கனி என்று சகோதரி சொன்னார். இல்லை சகோதரி, பழைய மரத்தின் வேரே அதுதான்.

இப்போது அந்த மரத்துக்கு அருகே போவோம். என் அப்பா மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுவார். சின்ன வயதில் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நாட்டு மாங்கொட்டையில் முளைத்த கன்றின் தலையைச் சீவிவிட்டு, தண்டை நடுவில் கத்தியால் பிளப்பார். மல்கோவா மரத்திலிருந்து எடுத்து வந்த பென்சில் கனமுள்ள குச்சியின் அடியை ஆப்புப் போலச் சீவி அந்தப் பிளவில் செருகுவார். பட்டையோடு பட்டை பொருந்துகிறதா என்று கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்றுவார். சில வாரங்கள் கழித்துச் செம்பு நிறத்தில் ஒரு துளிர் எட்டிப் பார்க்கும். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்!

அங்கே வேர் சாதாரணம், ஒட்டிய குச்சி உயர்ந்தது. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 11-ம் அதிகாரத்தில் பவுல் இதைத் தலைகீழாக்குகிறார். நல்ல ஒலிவமரத்தின் வேரில் காட்டொலிவக் கிளையைக் கொண்டுவந்து ஒட்டுகிறார் தேவன். எந்தத் தோட்டக்காரர் நல்ல மரத்தில் காட்டுக் குச்சியை ஒட்டுவார்? பவுலுக்குத் தோட்டவேலை தெரியாது என்று சொல்கிறவர்கள் உண்டு. அவரோ இது சுபாவத்துக்கு விரோதமானது என்று தாமே எழுதுகிறார். தெரிந்துதான் எழுதுகிறார். கிளையின் தகுதியால் எதுவும் நடக்கவில்லை, கிருபையால் நடந்தது என்பதற்காகவே அப்படி எழுதுகிறார். உடனே எச்சரிக்கிறார்: "நீ வேரைச் சுமக்காமல், வேர் உன்னைச் சுமக்கிறதென்று நினைத்துக்கொள்."

இந்த எச்சரிக்கை எதற்கு? ரோமப் பேரரசனாகிய கிலவுதியு ராயன் யூதரை ரோமை விட்டுப் போகச் சொன்னான். ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்னும் யூதத் தம்பதியர் அப்படித்தான் கொரிந்துவுக்கு வந்தார்கள். யூத விசுவாசிகள் இல்லாத அந்த ஆண்டுகளில் ரோமாபுரிச் சபை புறஜாதியார் கையில் வளர்ந்தது என்றும், யூதர் திரும்பி வந்தபோது அவர்களை அற்பமாக எண்ணும் மனநிலை அங்கே இருந்தது என்றும் வேத அறிஞர் பலர் கருதுகிறார்கள். அந்தப் பெருமையைத்தான் பவுல் அடிக்கிறார். முறிந்த கிளைகளை மறுபடியும் ஒட்டவைக்கத் தேவன் வல்லவர் என்கிறார். மரம் வெட்டப்பட்டது என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை.

புதிய மரம் என்று சொன்னவர்கள் எங்கே போய் நின்றார்கள் என்பதையும் அவை கேட்க வேண்டும். இரண்டாம் நூற்றாண்டில் மார்சியன் என்னும் போதகர் பழைய ஏற்பாட்டையே தூக்கி எறிந்தார். லூக்காவின் சுவிசேஷத்தையும் பவுலின் பத்து நிருபங்களையும், அவற்றிலும் தமக்குப் பிடிக்காததை வெட்டிவிட்டு, வைத்துக்கொண்டார். கி.பி. 144-ல் ரோமாபுரிச் சபை அவரை விலக்கியது. அது பழங்கதை என்று விட முடியுமா? 1939-ல் ஜெர்மனியின் ஐசெனாக் நகரில், சபையின் வாழ்விலிருந்து யூதத் தாக்கத்தை அகற்றவே இறையியலாளர்கள் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். யூதத் தடங்களை நீக்கிப் புதிய ஏற்பாட்டையே திருத்தி அச்சிட்டார்கள். அதே ஆண்டுகளில் அந்த நாட்டில் யூதருக்கு என்ன நேர்ந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. எதிரணியினர் அப்படி நினைக்கிறவர்கள் அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் வேரை மறுக்கும் வாதம் எந்தப் பாதையில் நடந்து வந்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் போனால் நான் உண்மையாய்ப் பேசினவன் ஆகமாட்டேன். 1965-ல் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் யூதரைப் பற்றிப் பேச வந்தபோது, பவுலின் இதே ஒலிவமர வேரைத்தான் எடுத்துச் சொன்னது.

சுவர் இடிந்தது என்றார் சகோதரி. ஆம், இடிந்தது. எந்தச் சுவர்? எருசலேம் தேவாலயத்தில் மூன்று முழ உயரத்தில் ஒரு கல்தடுப்பு நின்றது. அதில் பதித்திருந்த எச்சரிக்கைக் கல் ஒன்று 1871-ல் கிடைத்தது, இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏழு வரி, கிரேக்க எழுத்து. அந்நியன் எவனும் உள்ளே வரக் கூடாது, பிடிபட்டால் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்பது அதன் பொருள். எபேசியனாகிய துரோப்பீமுவைப் பவுல் அந்தத் தடுப்புக்கு உள்ளே அழைத்து வந்தார் என்று எண்ணித்தான் கூட்டம் அவரை அடித்துக் கொல்லப் பார்த்தது.

ஆனால் அந்தத் தடுப்பை மோசே கட்டச் சொல்லவில்லை. ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்த நாளில், தூர தேசத்திலிருந்து வரும் அந்நியனின் விண்ணப்பத்தையும் கேட்டருளும் என்று சாலொமோன் ஜெபித்தார். என் வீடு சகல ஜனங்களுக்கும் ஜெபவீடு என்று ஏசாயா சொன்னார். கதவு பழையது, தடுப்புத்தான் பின்னால் வந்தது. கிறிஸ்து இடித்தது தடுப்பை, வீட்டை அல்ல. நம் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் கிறிஸ்தவக் கோவிலுக்குள்ளேயே சாதிக்கொரு பக்கம் என்று சுவர் வைத்திருந்தார்களே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை இடித்தபோது கோவிலையா இடித்தார்கள்? ஒட்டப்பட்ட கிளைகள் தாங்கள் ஒட்டப்பட்டதை மறந்ததனால் எழுந்த சுவர் அது.

கடைசியாகக் கொர்நேலியு. அவர் வீட்டில் பரிசுத்த ஆவி இறங்கியது உண்மை. ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று எருசலேமில் மூப்பர்கள் கூடிப் பேசியபோது, பேதுருவும் பவுலும் பர்னபாவும் நடந்ததைச் சொல்லி முடித்தபின் எழுந்த எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபு எதை ஆதாரமாகக் காட்டினார்? ஆமோஸ் தீர்க்கதரிசியை. விழுந்துபோன தாவீதின் கூடாரத்தைத் திரும்ப எடுப்பிப்பேன், அப்போது ஜாதிகள் கர்த்தரைத் தேடுவார்கள் என்ற வாக்கை. புதுக் கூடாரம் என்று அவர் சொல்லவில்லை, நடுவர் அவர்களே.

அந்தத் தாவீதின் வீட்டுக்குள் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். அண்டை ஜாதியாராகிய மோவாபியருக்குக் கர்த்தருடைய சபையில் இடமில்லை என்று உபாகமத்தில் எழுதியிருக்கிறது. அந்த மோவாபிலிருந்து ஒரு விதவை, மாமியாரின் கையை விடாமல் பெத்லகேம் சாலையில் நடந்து வந்தாள். "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம், உம்முடைய தேவன் என்னுடைய தேவன்" என்றாள். அவளுக்கு வேறு தகுதி ஏதும் இல்லை. அவள் மகன் ஓபேத், அவன் மகன் ஈசாய், அவன் மகன் தாவீது. கொர்நேலியு பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, அந்தக் கூடாரத்தில் ரூத் குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டிருந்தாள்.