ஒரே வயது, வேறு வேறு வேகம்

நண்பர்களுக்கு வணக்கம்.

நியூசிலாந்தின் தெற்குத் தீவில் டுனீடன் என்று ஓர் ஊர். அங்கே 1972 ஏப்ரலிலிருந்து 1973 மார்ச்சுக்குள் பிறந்த 1,037 குழந்தைகளை மூன்று வயதில் ஓர் ஆய்வில் சேர்த்தார்கள். இன்றுவரை அவர்களை விடவில்லை. வெளிநாட்டில் குடியேறியவர்களுக்கும் விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்து வரவழைக்கிறார்கள். 45 வயதில், உயிரோடிருந்தவர்களில் 94 சதவீதம் பேர் வந்தார்கள். முதுமையின் வேகத்தைப் பற்றி நான் சொல்லப்போவது எல்லாம் இந்தப் பிடிவாதத்தின் மேல்தான் நிற்கிறது.

வந்தவர்களிடம் ரத்தம் எடுப்பார்கள், குழாயில் ஊதச் சொல்வார்கள், வாயைத் திறக்கச் சொல்லி ஈறையும் பல்லையும் பார்ப்பார்கள். முதுமைக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்? ஈறு கெடுவது, சிறுநீரகம் மந்தமாவது, சர்க்கரை ஏறுவது, மூச்சு குறைவது எல்லாம் கூடித்தான் முதுமை. இப்படி 19 அளவுகளை 26, 32, 38, 45 ஆகிய வயதுகளில் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். காலண்டரில் ஒரு வருஷம் போனால், மிக மெதுவாக மூப்படைந்தவருக்கு உடம்பில் 0.4 வருஷம்தான் போயிருந்தது. மிக வேகமானவருக்கு 2.44 வருஷம். அத்தனை பேரும் ஒரே வயதுக்காரர்கள்! வேகமாக மூப்படைந்தவர்களின் நடை தளர்ந்திருந்தது. போட்டோவை மட்டும் பார்த்த அந்நியர்களும் அவர்களுக்குத்தான் வயதைக் கூட்டிச் சொன்னார்கள்.

சரி, எல்லாரையும் இப்படி இருபது வருஷம் பின்தொடர முடியுமா? முடியாது. அங்கேதான் டிஎன்ஏ வருகிறது.

நம் ‘க’வின் தலையில் ஒரு புள்ளி வைத்தால் ‘க்’ ஆகிவிடுகிறது. எழுத்து அதேதான், ஒலி அடங்கிவிட்டது. டிஎன்ஏவின் எழுத்துகள் மேலும் மீத்தைல் என்ற சின்ன வேதித்துணுக்கு இப்படிப் புள்ளியாக ஒட்டுகிறது, விலகுகிறது. பல இடங்களில் அது ஒட்டினால் பக்கத்து மரபணு அடங்கிப்போகும். வயது ஏற ஏற இந்தப் புள்ளிகள் இடம் மாறுகின்றன. 2013-இல் ஸ்டீவ் ஹோர்வாத் என்ற விஞ்ஞானி டிஎன்ஏவில் 353 இடங்களைப் பார்த்தே ஒருவரின் வயதைக் கணித்துக் காட்டினார். டுனீடன் குழு 2022-இல் வெளியிட்டது வேறு வகை அளவு. ரத்தத்தில் 173 இடங்களைப் பார்த்து, மூப்பின் வேகத்தைச் சொல்கிறது. பஸ் எத்தனை கிலோமீட்டர் வந்திருக்கிறது என்பது வேறு, இப்போது என்ன வேகத்தில் ஓடுகிறது என்பது வேறு இல்லையா?

வேகத்தைக் குறைக்க முடியுமா? அமெரிக்காவில் 220 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு பகுதியினர் இரண்டு வருஷம் சாப்பாட்டைக் குறைத்தார்கள். கால் பங்கு குறைக்கச் சொன்னார்கள், உண்மையில் குறைந்தது சுமார் 12 சதவீதம். ஆனாலும் அவர்களின் வேகம் 2 முதல் 3 சதவீதம் தணிந்தது. சின்ன எண்தான், ஆனால் நகர்ந்ததே பெரிய விஷயம்.

இப்போது வீட்டுக்கே பரிசோதனைப் பெட்டி அனுப்பி ‘உங்கள் உண்மை வயது’ என்று விற்கிறார்கள். தயவுசெய்து அதில் காசைப் போடாதீர்கள். கூட்டத்தோடு கூட்டத்தை ஒப்பிடத்தான் இந்த அளவு நன்றாக உதவும். தனி ஒருவர் அந்த எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், பூரிக்கவும் வேண்டாம். தவிர, டுனீடன்காரர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். அங்கே தைத்த சட்டை நமக்கு அப்படியே பொருந்தும் என்று யாரும் உறுதி தர முடியாது.

என்னை உலுக்கியது வேறொன்று. டெக்சாஸில் 8 முதல் 18 வயது வரையுள்ள 600 பிள்ளைகளின் எச்சிலை எடுத்து, இதே அளவின் முந்தைய வடிவத்தால் பார்த்தார்கள். வறுமைப்பட்ட வீடுகளிலும் தெருக்களிலும் வளரும் பிள்ளைகளிடம் வேகம் கூடுதலாக இருந்தது. எட்டு வயதுப் பிள்ளை என்ன தவறு செய்தது? அது பிறந்த வீட்டின் கஷ்டம் அதன் எச்சில் வரைக்கும் போயிருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு நல்ல சாப்பாடும் நல்ல வீடும் கொடுத்துப் பாருங்கள். பலன் இருந்ததா என்று அறிய அவர்களுக்கு அறுபது வயதாகும்வரை காத்திருக்க வேண்டாம், சில வருஷம் கழித்து மறுபடி எச்சிலை எடுத்துப் பார்க்கலாம். இந்த அளவுகோலைப் பணக்காரர்களின் கண்ணாடியாக விட்டுவிடாமல் அந்த வேலைக்கு வையுங்கள் என்று கேட்கத்தான் இன்று வந்தேன்.