8 என்ற எண் என்னை ஏமாற்றிய கதை

வணக்கம் மக்களே. பின்னால் ஒரு குரங்கு என் பையையே பார்த்துக்கொண்டிருக்கிறது, நடுவில் நான் ஓடினால் கண்டுகொள்ளாதீர்கள். சிங்கப்பூரின் பழைய அப்பர் தாம்சன் சாலையில் நிற்கிறேன். இப்போது மரமும் குரங்கும்தான், ஆனால் 1961 முதல் 1973 வரை இங்கேதான் கார் பந்தயம் நடந்தது, ஒரு சுற்று கிட்டத்தட்ட 4.8 கிலோமீட்டர். இதில் ஒரு வளைவுக்கு டெவில்ஸ் பெண்ட் என்றே பேர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெரியப்பாவின் பிஸ்கட் டின்னில் இருந்த கறுப்பு வெள்ளைப் படம் இது, கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன். கார் மேல் 8 என்று எண். முன்சக்கரத்துக்குப் பின்னால் தகடு உள்வாங்கி வெட்டுப்பட்டிருக்கிறது பாருங்கள், அது ஆஸ்டன் மார்ட்டின் டிபி3எஸ் என்ற பிரிட்டிஷ் பந்தயக் காரின் அடையாளம். உலகத்துக்கே 31தான் செய்தார்கள். 1961இல் இங்கே நடந்த முதல் பந்தயத்தில் இயன் பார்ன்வெல் ஜெயித்ததும் ஒரு டிபி3எஸ்ஸில்தான். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

ஆனால் படத்தில் ஓட்டுநர் இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். அப்படியென்றால் இது வேறு நாட்டுக்காகச் செய்த கார், கப்பலில் எப்படியோ இங்கே வந்திருக்கிறது என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டு மூன்று வாரம் அலைந்தேன். தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் ராத்திரி ராத்திரியாகப் பழைய பத்திரிகை தேடினேன், அதுவும் கணினி பழைய அச்சைத் தப்புத் தப்பாகப் படிப்பதால் ஒரே பேரை நான்கு விதமாக அடித்துப் பார்க்கவேண்டும். ஒன்றும் கிடைக்கவில்லை.

அப்புறம் ஒருநாள் படத்தின் மூலையில் இருந்த டயர் விளம்பரத் தட்டியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்தெல்லாம் திரும்பியிருந்தது. நெகட்டிவைப் பக்கம் மாற்றிப் போட்டு, இடது வலதாகும்படி அச்சடித்திருக்கிறார்கள்! 8 என்ற எண்ணைக் கண்ணாடியில் காட்டினாலும் 8தானே. 2, 5, 7 மாதிரி ஒரு எண்ணாக இருந்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

அப்படியானால் அது பார்ன்வெல்லின் காரா? அவசரப்படமாட்டேன். பந்தயக் காரில் எஞ்சின் மாறும், மேல்தகடு மாறும், பெயிண்ட் மாறும், பந்தய எண் வாரத்துக்கு வாரம் மாறும். சேசிஸ் எண், அதாவது காரின் அடிச்சட்டத்துக்குக் கொடுத்து ஒரு தகட்டில் பொறித்த எண், அது ஒன்றுதான் கடைசிவரை கூட வரும், அந்தத் தகட்டையும் கழற்றி வேறொன்றில் அடிப்பவர்கள் இருக்கிறார்கள், ஒரே எண்ணுக்கு இரண்டு கார் உரிமை கொண்டாடுவது இந்தத் துறையில் புதிதில்லை. அதனால் நான் நம்புவது ஆணி வரிசையை, நெளிவை, கையால் தட்டிச் செய்த தகட்டில் இடதும் வலதும் ஒத்துப்போகாத இடத்தை. இந்தப் படத்தில் எக்ஸாஸ்ட் குழாய்க்கு மேலே ஒரு சின்ன நெளிவு இருக்கிறது. அதைத்தான் இப்போது மற்ற படங்களில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் தாத்தா, மாமா யாராவது தாம்சன் ரோட்டில் எடுத்த படம் இருந்தால் அனுப்புங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. ஸ்டூடியோ முத்திரை, பென்சில் கிறுக்கல், எதுவாக இருந்தாலும் சரி. ஐயோ, பையை எடுத்துவிட்டது, இருங்கள் —