"கிரெயின் ஃப்ரீ"ன்னு, அதாவது தானியம் இல்லைன்னு போட்டிருந்தா ஃபெரெட்டுக்கு நல்லதா?

அடுத்த கேள்வி. "ரெண்டு வயசு ஃபெரெட் வச்சிருக்கேன். பூனைக்கான கிரெயின் ஃப்ரீ உலர் உணவு வாங்கியிருக்கேன். புரதம் 32%, கொழுப்பு 12%னு போட்டிருக்கு. இதையே தொடரலாமா?"

வேண்டாங்க. ஃபெரெட், கீரி மாதிரி இருக்கிற, கறி தின்னுற வளர்ப்புப் பிராணி. அதுக்குப் புரதம் 35லருந்து 40 சதவீதமாவது இருக்கணும், கொழுப்பு 18, 20 இருக்கணும், நார்ச்சத்து 3க்கு மேல போகக்கூடாது. அதோட குடல் ரொம்பக் குட்டை. தின்னது மூணு நாலு மணி நேரத்துல வெளிய வந்துடும். மாவுச்சத்தைச் செரிக்க அந்த நேரம் பத்தாது.

அந்த மாவுச்சத்து எவ்வளவுன்னு பாக்கெட்ல பெரும்பாலும் போட மாட்டாங்க, நாமதான் கழிச்சுப் பார்க்கணும். உங்க பாக்கெட்டையே எடுத்துக்குவோம். புரதம் 32, கொழுப்பு 12. நார் 4, ஈரம் 10, சாம்பல் (தாது உப்பு) 8னு வச்சுக்கிட்டா மொத்தம் 66. மீதி 34, அத்தனையும் மாவுச்சத்து. அதே புரதம் 40, கொழுப்பு 20 இருக்கிற உணவுன்னா, நார் 3னு வச்சு, மீதி 19தான் வரும்.

தானியம் இல்லைன்னா அந்த இடத்துல என்ன போட்டிருக்காங்கன்னு பாருங்க. பெரும்பாலும் பட்டாணி, உருளைக்கிழங்கு. பட்டாணி, பட்டாணிப் புரதம், பட்டாணி நார்னு மூணாப் பிரிச்சு எழுதினா ஒவ்வொண்ணும் பட்டியல்ல கீழ போயிடும், கோழி மேல வந்துடும். கூட்டிப் பார்த்தா பட்டாணிதான் அதிகமா இருக்கலாம். பாக்கெட்ல போட்டிருக்கிற புரதத்துலயும் பாதி அதுலருந்து வந்திருக்கலாம். செடிப் புரதம் கூடினா சிறுநீர்ல கல் வர்ற ஆபத்து இருக்கு, இதை லேசா எடுத்துக்காதீங்க.

இன்னொண்ணு, வெறும் "கோழி"ன்னு முதல்ல போட்டிருந்தா அது தண்ணியோட சேர்ந்த பச்சைக்கறி எடை. "சிக்கன் மீல்"னா ஏற்கெனவே வத்தவச்ச கறி. முதல் மூணு பொருள்ல குறைஞ்சது ரெண்டு கறி, மீல், முட்டையா இருக்கணும். திராட்சை, பழத்துண்டு போட்டதைத் தொடவே தொடாதீங்க. நாய் உணவும் கூடாது.

ஃபெரெட் உணவு கிடைக்கலைன்னா, இந்தக் கணக்குல தேறுற பூனைக்குட்டி உணவு வாங்குங்க. அதை ஒரே நாள்ல மாத்தாதீங்க. பழசுல பத்துல ஒரு பங்கு புதுசைக் கலந்து, ரெண்டு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுங்க. மலம் பச்சையாவோ, விதை விதையாவோ வந்தா முந்தின அளவுக்குத் திரும்பிடுங்க.

"பசிச்சா தானா தின்னும்"னு மட்டும் பட்டினி போடாதீங்க. ஃபெரெட் பழகாததை உணவுன்னே ஏத்துக்காது. நாலஞ்சு மணி நேரம் தின்னலைன்னா சர்க்கரை இறங்கலாம். பின்னங்கால் துவண்டாலோ, எச்சில் வடிஞ்சாலோ ஈறுல கொஞ்சம் தேன் தடவிட்டு உடனே மருத்துவர்கிட்ட தூக்கிட்டுப் போங்க. புது உணவை வெந்நீர்ல நனைச்சு வச்சா வாசனை வந்து சீக்கிரம் பழகும். நனைச்சதை ரெண்டு மணி நேரத்துல எடுத்துடுங்க, ஊசிப்போயிடும்.

பை சின்னதாவே வாங்குங்க. இவ்வளவு கொழுப்பு இருக்கிற உணவு திறந்து வச்சா சிக்கு வாடை அடிக்கும். ஒரு மாசத்துல தீர்ற அளவு போதும், அந்தப் பையிலேயே இறுக்கி மூடி வைங்க.