சாரா சாப்மன் 1891க்குப் பிறகு எங்கே போனார்?

வணக்கம். லண்டன் முருகன் கோயில் இருக்கிற மேனர் பார்க் ஏரியா நம்மில் பலருக்கு நன்றாகத் தெரியும். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் மேனர் பார்க் கல்லறைத் தோட்டம். அதில் பெயர்க்கல்கூட இல்லாமல், இன்னும் ஐந்து பேரோடு ஒரே குழியில் புதைக்கப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றித்தான் இன்றைய வீடியோ. பெயர் சாரா சாப்மன்.

1862இல் மைல் எண்டில் பிறந்தவர். ஏழு பிள்ளைகளில் ஐந்தாவது. அப்பாவுக்கு பீர் தயாரிக்கும் இடத்தில் வேலை. பத்தொன்பது வயதுக்குள் சாரா, அம்மா, அக்கா மூவரும் கிழக்கு லண்டனில் பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். 1888 ஜூனில் அங்கே நடந்த கொடுமைகளை ஒரு பெண் பத்திரிகையாளர் எழுதினார். நம் அடையாறு அன்னி பெசன்ட்தான்! அப்போது அவர் இந்தியாவுக்கே வந்திருக்கவில்லை. எழுதியதெல்லாம் பொய் என்று கையெழுத்துப் போடச் சொன்னது கம்பெனி. பெண்கள் மறுத்தார்கள். ஜூலையில் சுமார் 1,400 பேர் வேலையை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். பெசன்ட்டைப் போய்ச் சந்தித்த மூன்று பேரில் சாராவும் ஒருவர். பெசன்ட்தான் வேலைநிறுத்தத்தைத் தூண்டினார் என்று இன்றும் பலர் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. முடிவெடுத்தது அந்தப் பெண்கள். வென்ற பிறகு அமைந்த சங்கத்தின் கமிட்டியிலும் சாரா இருந்தார், 1890இல் லிவர்பூல் தொழிற்சங்க மாநாட்டுக்கும் போனார்.

அப்புறம்? ஆளையே காணோம். சாரா சாப்மன் என்ற பெயரை வைத்துக்கொண்டு எத்தனை பதிவேட்டைப் புரட்டினாலும் கிடைக்காது. 1891 டிசம்பரில் சார்லஸ் டியர்மன் என்ற மரவேலைக்காரரை மணந்து அவர் சாரா டியர்மன் ஆகிவிட்டார். வரலாறு சாப்மனைத் தேடிக்கொண்டிருந்தது, டியர்மன் கிழக்கு லண்டனில் ஆறு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்ற கதையும் கல்லறை இருக்கும் இடமும் வெளியே தெரியவந்ததில் அவருடைய கொள்ளுப்பேத்தியின் உழைப்பு பெரிது.

விக்டோரியா காலத்து உழைக்கும் பெண்களைத் தேடும்போது நூல் அறுந்துபோகும் இடம் பெரும்பாலும் இந்தக் கல்யாணம்தான். இங்கிலாந்தில் 1837 ஜூலையிலிருந்து பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாம் அரசுப் பதிவில் இருக்கின்றன. ஆனால் 1912க்கு முந்தைய திருமண இண்டெக்ஸில் பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் பெயர் இருக்காது. இருப்பது பதிவு மாவட்டமும் ஒரு வால்யூம் எண்ணும் பக்க எண்ணும் மட்டும். ஃப்ரீபிஎம்டி என்ற இலவசத் தளத்தில் அதே எண்களைக் கொண்ட ஆண்களின் பெயர்களைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு ஜோடிகள்தான் ஒரு பக்கத்தில் இருப்பார்கள். இரண்டு ஆண்களில் யார் என்பதை அடுத்த சென்சஸில் தேடித்தான் உறுதி செய்ய வேண்டும். நேரம் பிடிக்கிற வேலை, ஆனால் பிடி கிடைத்துவிட்டால் வழி திறந்துவிடும்.

சான்றிதழை வாங்கிப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். மணமக்கள் இருவரின் அப்பா பெயரும் அப்பாவின் தொழிலும் இருக்கும். அம்மா பெயர் இருக்காது! அம்மா பெயரைச் சேர்த்தது 2021 மே மாதம்தான். மணப்பெண் தினமும் மணிக்கணக்கில் உழைத்தவராக இருந்தாலும், தொழில் கட்டத்தில் பல நேரம் வெறும் கோடுதான் இருக்கும். கோடு இருக்கிறதே, வேலைக்கே போகவில்லை போல என்று நினைத்துவிடாதீர்கள்.

சென்சஸ் பக்கம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். 1881 ஏப்ரல் 3 ராத்திரி வீட்டில் இருந்தவர்கள் யார் யார் என்ற பட்டியல். தெரு, பெயர், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, வயது, தொழில், பிறந்த ஊர். வயதின் மேலேயும் தொழிலின் மேலேயும் கணக்குப் போட்ட குமாஸ்தாக்கள் பென்சிலால் கிழித்திருப்பார்கள், 3 எது 8 எது என்று கண்ணைச் சுருக்கித்தான் பார்க்க வேண்டும். பெயர்களுக்கு இடது பக்கத்தில் சின்னச் சாய்கோடுகள் இருக்கும், அவற்றை விட்டுவிடாதீர்கள். இரட்டைக் கோடு என்றால் அடுத்த வீடு. ஒற்றைக் கோடு என்றால் அதே வீட்டில் இன்னொரு குடும்பம். கிழக்கு லண்டன் பக்கங்களில் ஒற்றைக் கோடுகளை எண்ணிக்கொண்டே வாருங்கள், எவ்வளவு நெருக்கடியில் வாழ்ந்தார்கள் என்பது புரிந்துவிடும். 1881 சென்சஸின் எழுத்துப் பிரதியை ஃபேமிலிசர்ச் என்ற தளத்தில் இலவசமாகவே தேடலாம்.

1911 சென்சஸ் வேறு மாதிரி. குடும்பத்தார் சொந்தக் கையெழுத்தில் நிரப்பிய தாளே நம் கைக்கு வருகிறது. மணமான பெண்களிடம் ஒரு கேள்வி கேட்டிருப்பார்கள்: எத்தனை பிள்ளைகள் பிறந்தன, எத்தனை இருக்கின்றன, எத்தனை இறந்தன? தொழிலாளர் குடும்பங்களில் அந்த மூன்றாவது கட்டத்தைப் படிக்க மனது தாங்காது. 1921இல் முதலாளி யார் என்பதும் கிடைக்கும். 1931 சென்சஸ் 1942இல் தீயில் எரிந்துபோனது. அதற்குப் பதில், போர் தொடங்கியதும் எடுத்த 1939 மக்கள் பதிவேடு இருக்கிறது. அதில் பக்கம் பக்கமாகப் பெண்களுக்கு ‘சம்பளமில்லா வீட்டு வேலை’ என்று போட்டிருப்பார்கள்.

உங்கள் ஆள் தீப்பெட்டித் தொழிலாளியாக இருந்திருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால், 1888 போராட்ட நிதிப் பதிவேட்டைப் பாருங்கள். உதவி வாங்கியவர்களின் பெயர், முகவரி, வேலை எல்லாம் அதில் இருக்கிறது. பெண்களின் உழைப்பைப் பெண்களின் பெயரிலேயே எழுதிவைத்த ஆவணம் அது, எனக்கு மிகவும் பிடித்தது.

சாரா 1945 நவம்பரில் இறந்தார், வயது 83. அந்தக் காலத்து இறப்புச் சான்றிதழ்களில் பெண்ணின் தொழில் கட்டத்தில் ‘இன்னாரின் விதவை’ என்று எழுதிக் கணவரின் தொழிலைப் போடுவார்கள். அதைக் கடந்து, இறப்புக்கான காரணத்துக்கு அடுத்த கட்டத்துக்குப் போங்கள். தகவல் கொடுத்தவரின் பெயரும் முகவரியும் அங்கே இருக்கும். பல நேரம் அது கல்யாணமான மகள், அதாவது புதுக் குடும்பப் பெயர். அந்தப் பெயரை உடனே குறித்துவைத்துக்கொண்டு அடுத்த தேடலை அங்கிருந்து தொடங்குங்கள்.

ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கிய ஒர்க்ஹவுஸ்களின் பதிவேடுகளைப் பற்றி அடுத்த வீடியோவில் தனியாகப் பேசுகிறேன்.