நிஸ்குவாலி ஆற்றில் உடைத்த கரை

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கழிமுகத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ரெய்னியர் மலையின் பனியாற்றில் பிறக்கும் நிஸ்குவாலி ஆறு பியூஜெட் சவுண்ட் கடலில் கலக்கிற இடம். 1904 வாக்கில் ஒரு பண்ணைக்காரர் அங்கே கரை போட்டு, கடல்நீர் ஏறாமல் அடைத்து, மாடு வளர்த்தார். பண்ணை போய்விட்டது, கரை மட்டும் நின்றது.

சினூக் சால்மன் என்ற மீனின் குஞ்சுக்கு இது எவ்வளவு பெரிய அடி தெரியுமா? ஆற்றில் பொரித்த குஞ்சு, உப்பும் நன்னீரும் கலந்த ஓடைகளில் தங்கி, பூச்சி புழு தின்று கொழுத்து, உடம்பை உப்புக்குப் பழக்கிக்கொண்டுதான் கடலுக்குப் போகும். அந்த ஓடைகளைத்தான் கரை அடைத்துவிட்டது.

நிஸ்குவாலி பழங்குடி மக்கள் காலங்காலமாக அங்கே மீன் பிடித்தவர்கள். அமெரிக்க அரசோடு செய்த 1854 ஒப்பந்தத்தில் நிலத்தைக் கொடுத்தார்கள், மீன்பிடி உரிமையைக் கொடுக்கவில்லை. மாநில அரசு அதை மதிக்கவில்லை. இந்தப் பழங்குடியைச் சேர்ந்த பில்லி ஃபிராங்க் ஜூனியரை 1945இல், 14 வயதுப் பையனாக இருக்கும்போதே மீன் பிடித்ததற்காகக் கைது செய்தார்கள். மொத்தம் 50 தடவைக்கு மேல். 1974இல் நீதிபதி போல்ட் தீர்ப்பு வந்தது: பிடிக்கக்கூடிய மீனில் பாதி ஒப்பந்தப் பழங்குடிகளுக்கு. மீன்வளத்தை மாநிலத்தோடு சேர்ந்து நிர்வகிக்கும் இடமும் அவர்களுக்குக் கிடைத்தது. விஞ்ஞானிகளும் பழங்குடிகளும் சேர்ந்து வேலை செய்தார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் மீன் விஷயத்தில் அவர்களைக் கேட்டே ஆகவேண்டும் என்ற நிலை, இத்தனை கைதுகளுக்குப் பிறகுதான் வந்தது.

அப்புறம் வேலை நடந்தது. பழங்குடியினர் முதலில் தங்கள் நிலத்தில் 140 ஏக்கருக்குக் கடலைத் திறந்துவிட்டார்கள். 2009இல் அந்தக் கழிமுகத்தில் உள்ள வனவிலங்குச் சரணாலயம் பெரிய கரையை அகற்றி 762 ஏக்கரைத் திறந்தது. அந்தச் சரணாலயத்துக்கு இப்போது பில்லி ஃபிராங்க் ஜூனியர் பெயர். பழங்குடியின் மீன்வளத் துறையினர் வலை போட்டுக் குஞ்சுகளைக் கணக்கெடுக்க, அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள் வண்டலையும் நீரோட்டத்தையும் அளந்தார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. நூறு வருஷமாக வண்டல் சேராததால் கரைக்கு உள்ளே நிலம் தாழ்ந்துவிட்டது. நிலத்தை உயர்த்த வேண்டிய வண்டலில் பெரும்பகுதியை ஆற்றின் மேல்பகுதியில் உள்ள ஆல்டர் அணை பிடித்து வைத்துக்கொள்கிறது, கடல்மட்டமோ ஏறிக்கொண்டே போகிறது. இது போதாதென்று ஐ-5 நெடுஞ்சாலையின் மண்மேடு கழிமுகத்தின் குறுக்கே கிடந்து ஆற்றை நெருக்குகிறது. சாலையைத் தூண்கள் மேல் ஏற்றி ஆற்றுக்கு வழி விடுங்கள் என்று பழங்குடியினர் கேட்கிறார்கள். செலவு பெரிதுதான், ஆனாலும் செய்தே ஆகவேண்டிய வேலை அது.